நர்ஸ் சரியில்லையா, வார்டு சரியில்லையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வார்டில் இருந்த நான்கு நாளில் வலி மருந்து இரண்டு தடவை தாமதமாக வந்தது. கேட்கப் போன உங்களிடம் ஒரு நர்ஸ் எரிந்து விழுந்தார். புகார் சொன்னதற்கு "ஆள் பற்றாக்குறை" என்ற பதில் மட்டுமே கிடைத்தது. "நர்சுகளின் வேலைச்சூழல் மோசமாக இருந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று ஆராய்ச்சி சொல்கிறதாமே, அது உண்மையா, இல்லை தப்பிக்கச் சொல்லும் சாக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். யார் மீது கோபப்படுவது? அந்த நர்ஸ் மீதா, அவரை அந்த நிலையில் நிறுத்திய இடத்தின் மீதா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 19 வருடம் பொது வார்டிலும் ஐசியூவிலும் டியூட்டி பார்த்தவள். பிறகு நோயாளி பாதுகாப்புப் பிரிவுக்கு மாறினேன். நடந்த தவறுகள் எப்படி நடந்தன என்று பார்ப்பதும், இது பற்றிய ஆய்வுகளைப் படிப்பதும்தான் இப்போது என் வேலை. என் அனுபவம் முழுக்க உள்நோயாளிகள் தங்கும் வார்டுகளில்தான். அதனால் முதியோர் இல்லம், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்சிங் ஆகியவற்றுக்கு நான் சொல்வதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துச் சொல்லும் ஆய்வு 2002-ல் வந்தது. நர்ஸாக இருந்து ஆய்வாளரான லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். 10,184 நர்சுகளிடம் கேட்டு வாங்கிய விவரங்களை, அதே மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அந்த மருத்துவமனை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடியிருந்தது. நர்ஸ் வேலைச்சுமையால் மனதளவில் தீய்ந்துபோகும் (பர்ன்அவுட்) வாய்ப்பு 23% கூடியிருந்தது. இந்த 7% என்பதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நூற்றில் ஏழு பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 2 பேர் இறந்தார்கள். அந்த 2 என்பது 2.14 போல ஆகும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு இது சிறிய வித்தியாசம். ஆனால் ஒரே நர்ஸுக்கு 4 நோயாளி இருக்கும் இடத்தையும் 8 நோயாளி இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 31% ஆகிவிடுகிறது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் மருத்துவமனையில் அது எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2014-ல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை வைத்து இதே முறையில் பார்த்தபோதும் அதே 7% தான் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். நர்சுகள் அதிகம் உள்ள மருத்துவமனை பணக்கார மருத்துவமனையாக இருக்கலாமே. அங்கே டாக்டர்களும் கருவிகளும் கூட நன்றாக இருக்குமே. பெருமையை நர்ஸ் எண்ணிக்கைக்குக் கொடுப்பது சரியா? நானும் இதே கேள்வியோடுதான் அடுத்தடுத்த ஆய்வுகளைத் தேடினேன். அப்படிப் பார்த்ததில் என்னை அதிகம் நம்ப வைத்தவை, ஒரே மருத்துவமனைக்குள் ஒரு நாளையும் இன்னொரு நாளையும் ஒப்பிட்டவை. கட்டடம் அதே, டாக்டர் அதே, கருவி அதே. அன்றைக்கு வந்த நர்சுகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. 2011-ல் ஜாக் நீடில்மன் குழு அமெரிக்காவில் ஒரே பெரிய மருத்துவமனையின் 1,97,961 சேர்க்கைகளை ஷிப்ட் ஷிப்டாகப் பார்த்தது. வேண்டிய அளவைவிட ஆள் குறைவாக இருந்த ஒவ்வொரு ஷிப்டும் அப்போது அங்கே இருந்த நோயாளியின் இறப்பு ஆபத்தை 2% கூட்டியது. இங்கிலாந்தில் 32 வார்டுகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வும் இதே போன்றதைத்தான் சொல்கிறது: நோயாளி சேர்ந்த முதல் 5 நாளில், நர்ஸ் குறைவாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆபத்து 3% ஏறியது.

அப்புறம், சட்டம் போட்டே மாற்றிப் பார்த்த இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல் 27 அரசு மருத்துவமனைகளில், பகலில் 4 நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் 7 பேருக்கு ஒரு நர்ஸ் என்று சராசரி நிர்ணயித்தது. 2018-ல் திரும்பப் பார்த்தபோது அந்த மருத்துவமனைகளில் இறப்பு வாய்ப்பு 11% குறைந்திருந்தது. சட்டம் தொடாத மருத்துவமனைகளில் குறையவில்லை. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும், மறுபடி வந்து சேராமல் இருந்ததிலும் மிச்சமான பணம், கூடுதல் நர்சுகளுக்கு ஆன செலவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. ஆகவே, ஆள் குறைந்தால் ஆபத்து கூடும் என்பது சாக்கு இல்லை. இந்தத் துறையில் இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு எதுவும் கிடையாது.

ஆனால் எண்ணிக்கை எப்படி உயிர்வரை போகிறது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் அப்பாவின் வலி மருந்துக்கு விடை கிடைக்கும். மூச்சு எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர், பல்ஸ், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எல்லாம் பொது வார்டில் மெஷினே காட்டிவிடும். மூச்சை மட்டும் நர்ஸ்தான், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரத்தை வைத்து, ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 12 பேருக்கு 12 நிமிடம், அதுவும் நடுவில் யாரும் கூப்பிடாமல் இருந்தால். ஆள் குறைந்த ஒரு இரவு முடிந்து காலையில் சார்ட்டுகளைப் புரட்டினால், முதல் படுக்கையிலிருந்து கடைசிப் படுக்கை வரை எல்லோருக்கும் 20, 20, 20 என்றே எழுதியிருக்கும். யாரும் எண்ணவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். உடம்பு மோசமாகப் போகும்போது முதலில் மாறும் அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று. அது 20-லிருந்து 28-க்குப் போனதை இரவு இரண்டு மணிக்கே ஒருவர் கவனித்திருந்தால் டாக்டர் வந்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றியிருப்பார், ஐசியூவுக்கு அனுப்பியிருப்பார். காலை ஆறு மணிக்குத் தெரிந்தால் கதையே வேறு. சிக்கல் வந்த நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் போவதைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று ஜெஃப்ரி சில்பர் என்ற ஆய்வாளர் 1992-லேயே ஒரு அளவுகோலைக் கொடுத்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் எந்த மருத்துவமனையிலும் வரும். நல்ல மருத்துவமனை அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறது. கண்டுபிடிப்பது யார்? 24 மணி நேரமும் பக்கத்தில் இருப்பவர்தான்.

நேரம் போதாதபோது நர்ஸ் எதை விடுகிறார் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பியாட்ரிஸ் காலிஷ் 2006-ல் நர்சுகளோடு உட்கார்ந்து பேசி எழுதிய பட்டியலைப் படித்தபோது என் வார்டை யாரோ ஒளிந்திருந்து பார்த்ததுபோல் இருந்தது. நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, வாய் கழுவி விடுவது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசுவது. டாக்டர் ஆர்டர் போட்ட ஊசியைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், தாமதமாகவாவது கொடுத்துவிடுவார்கள். விடுபடுவது எல்லாம், செய்யாவிட்டால் இன்றைக்கே யாருக்கும் தெரியாத வேலைகள். படுக்கைப்புண்ணாகவும் நிமோனியாவாகவும் நாலு நாள் கழித்து அவை திரும்பி வரும். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வின் தரவை வைத்தே 2018-ல் கணக்குப் பார்த்தார்கள்: இப்படி விடுபடும் வேலை 10% கூடினால் இறப்பு வாய்ப்பு 16% கூடுகிறது.

மருந்து கொடுக்கும் சுற்றை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து அது எப்படி என்று சொல்கிறேன். ஏழாம் படுக்கை மருந்தை எடுத்து, அட்டையில் பெயர் சரிபார்க்கிறேன். ஒன்பதாம் படுக்கையில் மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் கத்துகிறது. அதை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது போன். லேபிலிருந்து, பொட்டாசியம் குறைவு என்று. காகிதம் இல்லை, கையில் எழுதிக்கொள்கிறேன். நாலாம் படுக்கையின் மகன், "சிஸ்டர், அம்மா பாத்ரூம் போகணுமாம்." திரும்ப வந்து ட்ரேயைப் பார்த்தால், இந்தக் கப்பில் இருக்கும் மாத்திரைகளை எண்ணி முடித்தேனா, பாதியில் விட்டேனா? ஜொஹானா வெஸ்ட்புரூக் குழு சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்சுகளின் பின்னாலேயே நடந்து 4,271 தடவை மருந்து கொடுத்ததைப் பதிவு செய்தது. 2010-ல் வெளியான அந்த முடிவில், பாதிக்கு மேல் தடவை யாரோ எதுவோ இடைமறித்திருக்கிறது. ஒவ்வொரு இடைமறிப்புக்கும் மருந்துத் தவறு சுமார் 12% கூடியது. நான்கு முறை இடைமறித்தால் பெரிய தவறு நடக்கும் ஆபத்து 2.3%-லிருந்து 4.7% ஆனது. அனுபவம் நிறைய இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். என் வார்டில் நடந்த மருந்துத் தவறுகளில் பாதி, பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் கையால் நடந்தவை.

சரி, நர்சுகளை நிறையச் சேர்த்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமாகப் படும் முடிவு இதுதான், ஆனால் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 2011-ல் ஐக்கன் குழுவே 665 மருத்துவமனைகளை வேலைச்சூழலின்படி நல்லது, நடுத்தரம், மோசம் என்று பிரித்துப் பார்த்தது. சூழல் நன்றாக இருந்த இடங்களில், நர்ஸுக்கு ஒரு நோயாளி குறைந்தால் இறப்பு வாய்ப்பு 9% குறைந்தது. நடுத்தர இடங்களில் 4%. சூழல் மோசமாக இருந்த இடங்களில் ஆள் கூட்டியும் பலனே இல்லை. ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது என்பதுபோல.

அப்படியென்றால் சூழல் என்பது என்ன? ஏசி, கேன்டீன், ஓய்வறை என்று நினைத்துவிட வேண்டாம், அவையும் வேண்டும்தான். ஐலீன் லேக் 2002-ல் உருவாக்கிய 31 கேள்விகள் கொண்ட அளவுகோலை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். அது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. ஆளும் பொருளும் போதுமா. இன்சார்ஜ், அதாவது வார்டு பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸ், திறமையானவரா, நம் பக்கம் நிற்பாரா. டாக்டரும் நர்ஸும் சக ஊழியர்களாகப் பேசிக்கொள்கிறார்களா. மருத்துவமனை எடுக்கும் முடிவுகளில் நர்ஸுக்கு வாய் இருக்கிறதா. தரமாக வேலை செய்ய வேண்டிய பயிற்சியும் நடைமுறைகளும் இருக்கின்றனவா. இந்த எண்ணத்தின் வேர் 1983-க்குப் போகிறது. எல்லா மருத்துவமனையிலும் நர்சுகள் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சில இடங்களில் மட்டும் ஏன் போகவில்லை என்று அமெரிக்காவில் 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு பார்த்தார்கள். காந்தம்போல் ஆட்களைப் பிடித்து வைக்கும் இடங்கள் என்று அவற்றுக்குப் பெயரும் வந்தது. நர்சுகள் நிலைத்த அந்த இடங்களில் நோயாளிகளும் குறைவாகவே இறந்தார்கள் என்பது 1994-ல் தெரியவந்தது.

இன்சார்ஜ் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், நைட் டியூட்டி முடியும் நேரத்தில் ஒருவருக்குக் காலை இன்சுலின் போட்டுவிட்டேன். பரிசோதனைக்காக அவருக்குக் காலை ஆகாரம் நிறுத்தியிருந்ததை ஹேண்டோவரில் (ஷிப்ட் மாறும்போது விவரம் ஒப்படைப்பதில்) சொல்ல மறந்திருந்தார்கள். நானும் கேஸ் ஷீட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி, அவர் சட்டை நனைய வேர்த்து, பேச்சுக் குழறினார். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டோம். நடந்ததை எழுதிக்கொடுக்கிறேன் என்று போனபோது இன்சார்ஜ் சொன்னார்: "எழுதினால் உன் பெயர்தான் கெடும். ஆள் நல்லா இருக்கார்ல, விடு." எழுதவில்லை. ஆறு மாதத்தில் அதே வார்டில் இன்னொரு நர்ஸ் கையால் அதே தவறு நடந்தது. வேறு ஒரு இன்சார்ஜ் வந்த பிறகு அவர் முதலில் கேட்டது, "அந்த நேரத்தில் நீ வேறு என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்? ஆகாரம் இல்லை என்பது எங்கே எழுதியிருந்தது?" அடுத்த வாரமே, ஆகாரம் நிறுத்தியவர்களின் படுக்கையில் சிவப்பு அட்டை தொங்க ஆரம்பித்தது.

இதையே ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-ல் ஆய்வாக எழுதினார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பயமில்லாத வார்டில் தவறை வெளியே சொல்கிறார்கள் என்று அவர் விளங்கிக்கொண்டார். அதனால், "எங்கள் வார்டில் இந்த வருடம் தவறே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலைதான் வரும்.

இனி, உறுதி குறைவான பகுதி. நர்ஸின் மனநலம் கெட்டால் நோயாளியின் பாதுகாப்பும் கெடும் என்பது. 2024-ல் 32 நாடுகளிலிருந்து 85 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தீய்ந்துபோன நர்சுகள் உள்ள இடங்களில் தொற்று, கீழே விழுவது, மருந்துத் தவறு எல்லாம் அதிகம் என்று வந்தது. தொடர்பு இருக்கிறது என்பதை நம்பலாம். எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரே நர்ஸ் ஒரே தாளில், நான் சோர்ந்திருக்கிறேன் என்றும், இங்கே பாதுகாப்பு மோசம் என்றும் எழுதுகிறார். சோர்ந்தவர் கண்ணுக்கு எல்லாமே மோசமாகத் தெரியலாம். தவறு செய்துவிட்ட குற்ற உணர்விலும் ஒருவர் சோர்ந்துபோகலாம். அந்த இன்சுலின் இரவுக்குப் பிறகு எனக்கு அதுதான் நடந்தது. இல்லையென்றால் ஆள் பற்றாக்குறை என்ற ஒரே காரணம் இரண்டையும் தனித்தனியாகக் கெடுக்கலாம். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் கணிப்பு, நிரூபணம் என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்தத் தீய்ந்துபோதலை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றே சொன்னது. எனக்கு அது சரியாகப் படுகிறது. நர்சுகளுக்கு மூச்சுப்பயிற்சி, மனவுறுதிப் பயிற்சி என்று வகுப்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் போயிருக்கிறேன், ஆறுதலாக இருந்தது. ஆனால் வகுப்பு முடிந்து அதே 12 நோயாளிகளிடம் திரும்பிப் போனால் அந்த ஆறுதல் எத்தனை நாள் நிற்கும்?

நீண்ட ஷிப்ட் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. 393 நர்சுகள் எழுதிய நாட்குறிப்புகளை வைத்து 2004-ல் வந்த ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் தவறு நடக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றார்கள். தவறுகளை அவர்களே எழுதிக்கொடுத்தது என்பதால் அந்த மூன்று மடங்கை நான் அப்படியே பிடித்துக்கொள்ளமாட்டேன். அது காட்டும் திசையை நம்புகிறேன். நீண்ட ஷிப்டை நர்சுகளே விரும்பிக் கேட்பதும் உண்டு, வீட்டில் இருக்கும் நாள் கூடுகிறதே. அதேபோல, "சரியான எண்ணிக்கை எது, நாலா, ஐந்தா, ஆறா?" என்று கேட்டால் ஆய்வுகள் ஒரு மந்திர எண்ணைக் காட்டுவதில்லை. கலிஃபோர்னியா 2004 முதல் ஒவ்வொரு வகை வார்டுக்கும் சட்டப்படி ஒரு அளவு வைத்திருக்கிறது. வேறு இடங்களில் நோயாளியின் நிலையைப் பார்த்துத் தினமும் முடிவு செய்கிறார்கள். எழுந்து நடமாடும் ஆறு பேரும், இன்றைக்குத்தான் அறுவை முடிந்து வந்த ஆறு பேரும் ஒன்றாக மாட்டார்கள்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். மருந்து தாமதமானதற்கு அந்த நர்ஸின் அலட்சியம் காரணமா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அவர் எரிந்து விழுந்தது தவறுதான்; எத்தனை நோயாளி இருந்தாலும் வலியோடு இருப்பவரின் பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது. ஆனால் "ஆள் பற்றாக்குறை" என்று மருத்துவமனை சொன்னதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அது அவர்களே ஒப்புக்கொண்ட குறை. எழுத்தில் புகார் கொடுங்கள். நர்ஸின் பெயரை முதல் வரியில் வைக்காமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மருந்து கேட்டீர்கள், எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். அந்த ஷிப்டில் வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். தாமதமான அந்த இரண்டு வேளையும் தாமதம் என்று உள்ளே பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பாதுகாப்புப் பிரிவில் என் மேஜைக்கு வரும் புகார்களில், "நர்ஸ் மோசம்" என்று மட்டும் இருப்பவை அந்த நர்ஸை அழைத்துக் கண்டிப்பதோடு முடிந்துவிடும். நேரமும் எண்ணிக்கையும் இருக்கும் புகாரை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் நிர்வாகத்தின் முன் உட்கார்ந்து, இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்க முடிகிறது.